முட்டுக்கட்டையும் நானும்

சாமான் கட்ட ஆள் வேண்டும் என்று என் தங்கை பிலோமினா கூப்பிட்டாள். அதற்காகக் கடல் தாண்டிப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திருச்சியில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. பூட்டிவிட்டுப் போவதா என்று யோசித்தபோது, "நீங்க போயிட்டு வாங்க. நீங்க இல்லாட்டித்தான் கடை ஒழுங்கா நடக்கும்" என்று மனைவி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தோடு கிளம்பினேன்.

பிலோமினா இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சி. அவள் வீட்டுக்காரர் அந்தோணி அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து போன குடும்பம். இப்போது இருவருக்கும் றொசல்லைக்கு மேலே வேறொரு தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. சம்பளமும் கூட, வீடும் பெரிது. ஆனால் அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

அந்தத் தோட்டத்தில் மலை உச்சியில் டிவிசன் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. மேக்கணக்கு என்பார்கள். கீழேயிருந்து நடந்து ஏறினால், பிள்ளை பிறந்து பேர் வைத்த பிறகுதான் மருத்துவச்சி போய்ச் சேருவாள். முன்னால் இருந்த அம்மாள் முழங்கால் போய் வேலையை விட்டது அதனால்தான். அந்தோணியிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருப்பதும், அவர் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கொண்டுபோய் விடுவதும் துரை காதுக்கு எட்டியிருந்தது. "வண்டியோடு வந்தால் வேலை. வண்டி இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

ரயிலில் என் எதிரே யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மெல்லிய மல்லுச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா எங்கை போறியள்?"

"நுவரெலியாப் பக்கம்."

"உந்தச் சட்டையோடையோ? விறைச்சுப் போவியளே!" என்று பதறி, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார். "சட்டைக்குள்ளை வையுங்கோ. வெட்கப்படாதேயுங்கோ."

திருச்சி வெயிலில் வெந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழிக் குளிர்தான் தெரியும். அதைக் குளிர் என்று சொன்னால் கந்தப்பளைக்காரன் சிரிப்பான். நானுஓயாவில் இறங்கியதும் பல் தந்தி அடித்தது. வெட்கத்தை விட்டுவிட்டுப் பேப்பரைச் சட்டைக்குள் செருகினேன். பிலோமினா ஓடி வந்து கட்டிக்கொண்டவள் சட்டென்று விலகி, "என்ன அண்ணே, உங்க நெஞ்சுக்குள்ள என்னமோ சரசரங்குது?" என்று கேட்டாள்.

"பாசம்" என்றேன்.

அன்று அவள் போட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வந்த தடித்த ரொட்டி, உறைக்க உறைக்கத் தேங்காய்ச் சம்பல், கருவாட்டுக் குழம்பு. கூடவே பால் இல்லாத சாயத் தேநீர். சீனியைத் தேநீரில் போடாமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கச் சொன்னாள். தேயிலை விளைகிற ஊரில் பாலும் சீனியும் போட்டு ஒரு டம்ளர் தேநீர் கிடைக்காதா என்று முதலில் சலித்துக்கொண்டேன். மூன்றாவது டம்ளர் கேட்டபோது அவள் பேசாமல் ஊற்றினாள். குளிப்பதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தோணி அங்கே இல்லை. உடனே வா என்று புதுத் தோட்டத்திலிருந்து ஆள் வந்ததாம். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ரயிலில் போய்விட்டாராம். இப்போது மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிட்டார்கள். வீட்டுச் சாமானோடு மோட்டார் சைக்கிளையும் லாரியில் ஏற்றி அனுப்பவேண்டும்.

"சாமான் நசுங்கினா நசுங்கட்டும் அண்ணே. வண்டிக்கு மட்டும் ஒரு கீறல் படக்கூடாது" என்றாள். சின்ன வயதில் பொம்மை உடைந்தபோது என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாளே, அதே முகம். எனக்கு மார்பு விரிந்துவிட்டது. பேப்பர் மறுபடி சரசரத்தது.

மறுநாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் பண்டா, சிங்களவர், கண்டிப் பக்கத்து ஆள். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்குச் சிங்களம் இரண்டுமே கிடையாது. எங்களுக்கு நடுவில் லாரிக் கிளீனர் முத்தையா. நரைத்த மீசையும் பாட்டாளியின் அகன்ற தோளுமாக ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்.

முத்தையா மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்தார். "சாக்க விரிச்சுப் படுக்கப் போட்டுருவோங்க. ஆட்டுக்குட்டி மாதிரி சொகமா வந்துரும்."

"படுக்கப் போட்டா எண்ணெய் வழியும், பேட்டரித் தண்ணி கொட்டும். எங்க ஊர்ல யாரும் வண்டியைப் படுக்கப் போட மாட்டோம்" என்றேன். உண்மையில் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளை லாரியில் ஏற்றி நான் பார்த்ததே இல்லை. ஆனால் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் சக்கரத்தைப் பற்றித் தெரியாது என்று சொல்ல முடியுமா?

பண்டா கறாராக ஒன்று சொன்னார். லாரிப் பலகையில் ஆணி அடிக்கக்கூடாது, லாரி முதலாளி கண்டால் தோலை உரித்துவிடுவார். ஆகவே மோட்டார் சைக்கிளை நிற்கவைக்க, தனியாக ஒரு முட்டுக்கட்டை செய்வதென்று முடிவு செய்தேன். அடியில் ஒரு கனத்த பலகை. அதன் மேல் முன்சக்கரம் உட்கார இரண்டு பக்கமும் கட்டைச் சுவர். முன்னால் சக்கரம் மேலே ஏறாமல் ஒரு சரிந்த கட்டை, பின்னால் நழுவாமல் இன்னொன்று. சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டால் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். பிறகு இரண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் போதும்.

பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துப் பலகை எடுத்தேன். பக்கச் சுவருக்கு விறகிலிருந்து நல்ல துண்டு கிடைத்தது. சரிந்த கட்டைக்குத்தான் அலைந்தேன். லாரிக்குப் பக்கத்தில் தரையில் சும்மா கிடந்த ஒன்று கண்ணில் பட்டது. ஆப்பு மாதிரி செதுக்கி, எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. கர்த்தருக்கு நன்றி சொல்லி எடுத்து வைத்து ஆணி அடித்தேன்.

வேலை முடிந்து முன்சக்கரத்தை உள்ளே தள்ளினேன். வண்டி கல்லு மாதிரி நின்றது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிலோமினா கைதட்டினாள். பண்டாகூட வந்து பார்த்துத் தலையாட்டினார். அன்று ராத்திரி ராஜா மாதிரி தூங்கினேன்.

காலையில் பனி விலகியதும் கிளம்பினோம். பிலோமினா முன்னால் பண்டாவோடு. நானும் முத்தையாவும் பின்னால். எங்களைச் சுற்றி அலமாரி, கட்டில், அண்டா, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் நடுவில் கம்பீரமாக நிற்கும் மோட்டார் சைக்கிள். எங்கள் ஊரில் சாலை என்றால் கண்ணுக்கு எட்டியவரை நேராக ஓடும். இங்கே ஒரு வளைவு முடிந்து பெருமூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கோழி கத்தியது, அண்டா உருண்டது. மோட்டார் சைக்கிள் மட்டும் அசையவில்லை. நான் முத்தையாவைப் பார்த்து மீசையை முறுக்கினேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

தலவாக்கலையில் ஒரு கடையில் நிறுத்தி வடையும் தேநீரும் ஆயிற்று. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனதும் ஒரு செங்குத்தான ஏற்றம். பாதி ஏற்றத்தில் ஒரு மரத்தடியில் முனிக் கோயில், கூரைகூட இல்லை, சூலமும் விளக்கும்தான். அந்தப் பக்கம் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாதாம். பண்டா புத்தரைக் கும்பிடுகிறவர், ஆனாலும் நிறுத்திவிட்டுச் சூடம் கொளுத்த இறங்கினார். பிலோமினாவும் கால் நீட்ட இறங்கினாள். எதிர்ப் பக்கத்தில் ஒரு அருவி விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்து லாரியில் ஏறியவனுக்குத் திக்கென்றது. மோட்டார் சைக்கிள் அலமாரி மேல் சாய்ந்து கிடந்தது. அதற்கடியில் என் முட்டுக்கட்டையைக் காணோம்.

எட்டிப் பார்த்தேன். லாரியின் பின்சக்கரத்துக்கடியில், நடுவில் ஒரு குங்குமப் பொட்டோடு, என் முட்டுக்கட்டை உட்கார்ந்திருந்தது.

"யோவ் முத்தையா! என் கட்டைய யாரு எடுத்தது?"

"நாந்தாங்க. வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு. இங்க எப்பவும் கல்லு கெடக்கும். மண்ணு அள்ளினவங்க எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிட்டாங்க. லாரிக் கட்டையத் தேடினேன், காணோம். அப்பறந்தான் ஒங்க கட்டையில கண்டுபிடிச்சேன்."

"என் கட்டையிலயா?"

"முன்னாடி சரிவா வச்சு ஆணி அடிச்சிருக்கீங்களே ஐயா, அது எங்க லாரிக் கட்டைங்க. பிரிக்க நேரமில்ல. அதான் முழுசாத் தூக்கி வச்சேன்."

தரையில் 'சும்மா' கிடந்த ஆப்பு! பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, சாமி கும்பிட்டாச்சுல்ல? வண்டிய எடுத்ததும் அத லாரிக்குள்ள தூக்கி வைங்க" என்றேன்.

முத்தையா அசையவில்லை. "எடுக்கப்படாதுங்க. இந்த ஏத்தத்துல வண்டிக்கு முட்டுக் குடுத்தது எதுவானாலும் அது முனிக்கு உள்ளது. இங்கயே கெடக்கணும். அடுத்து வர்ற வண்டிக்காரன் வச்சுக்குவான். எடுத்துட்டுப் போனவன் வண்டி ஊர் போய்ச் சேந்ததில்ல."

நான் பண்டாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துச் சிங்களத்தில் சொன்னதை முத்தையா தமிழில் சொன்னார்: "அந்தக் கட்டை ஏறினா நான் ஏற மாட்டேங்கிறாருங்க."

கடைசியாகத் தங்கையைப் பார்த்தேன். கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கிறவள், தினமும் மாதாவிடம் மன்றாடுகிறவள். "விட்டுருங்க அண்ணே. நாம மாதாவைக் கும்பிடுறோம். அதுக்காக முனியோடத எடுப்பாங்களா?" என்றாள்.

"அப்ப வண்டி? ஒரு வளைவு தாங்காதுடி. கண்ணாடி போகும், கைப்பிடி வளையும். துரை கேட்டா முனி வந்து பதில் சொல்லுமா?"

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த வேலைக்காக அவள் எத்தனை நாள் ஜெபித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. முத்தையா சொன்னபடி காலையிலேயே படுக்கப் போட்டிருக்கலாம். இப்போது படுக்கப் போடவும் இடமில்லை, எல்லாச் சாமானையும் இறக்கி ஏற்றவேண்டும். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போது பண்டா என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன், அதை மறைப்பதற்கில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்ல, முத்தையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னய்யா சொல்றாரு?"

"ஐயாவே ஏறி உக்காந்துட்டா, அதவிட நல்ல கட்டை எந்தக் காட்டுல கெடைக்கும்னு கேக்குறாருங்க."

உட்கார்ந்தேன். வேறு வழி? இரண்டு காலையும் அகட்டிப் பலகையில் ஊன்றி, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து, பிரேக்கை இறுக்கிக்கொண்டு, லாரிக்கு மேலே மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். பக்கத்துக் கயிறுகளை முத்தையா இறுக்கிக் கட்டினார். லாரி கிளம்பியது. என் முட்டுக்கட்டை பொட்டும் பூவுமாக ஏற்றத்தில் தனியாக நின்று என்னை வழியனுப்பியது.

அதற்கப்புறம் வந்த வளைவுகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இடப் பக்கம் வளைந்தால் வண்டி என்னை வலப் பக்கம் தள்ளும். வலப் பக்கம் வளைந்தால் அலமாரி என் முழங்காலுக்கு வரும். ஒரு வளைவில் முன்சக்கரம் சறுக்கி, வண்டி முழுக்க என் தொடைமேல் சாய்ந்தது. செத்தோம் என்று நினைத்தேன். பயம்தான், சொல்ல என்ன வெட்கம். மாதாவைக் கூப்பிட்டேன், புனித அந்தோணியாரைக் கூப்பிட்டேன், அவசரத்தில் முனியையும் கூப்பிட்டேன்.

"யாரு காதுல விழுந்துச்சுன்னு தெரியல, ஆனா வண்டி நிமிந்துருச்சுங்க" என்றார் முத்தையா, கயிற்றைத் தொங்கிப் பிடித்தபடி.

மழை பிடித்துக்கொண்டது. முத்தையா ஒரு கையால் கயிற்றையும், மறுகையால் என் தலைக்குமேல் ஒரு சாக்கையும் பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டகலைப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "அடியே, இங்க பாருங்கடி, மாப்பிள்ள ஊர்வலம்! பொண்ணு எங்கய்யா?"

முன்னாலிருந்து பிலோமினா தலையை நீட்டினாள். "பொண்ணு திருச்சில இருக்கு!"

மலை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

அட்டனைத் தாண்டி, றொசல்லை ஸ்டேசனைத் தாண்டி, புதுத் தோட்டத்துப் பாக்டரி வாசலில் லாரி நின்றபோது மழை விட்டிருந்தது. அந்தோணி ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் துரை. துரைக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்கத் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்தார்.

"மருத்துவச்சி அம்மாங்களா? கும்பிடுறேங்க. மேக்கணக்குல ஒரு புள்ளைக்குக் காலையில இருந்து நோவு. மொதப் பிரசவங்க. கெழவிங்க கையப் பிசையிறாங்க."

பிலோமினா லாரிக்கு ஓடினாள். முன் இருக்கையிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்தாள். நான்கு பேர் பலகை வைத்து மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். அதற்கு முன் என்னை இறக்கவேண்டியிருந்தது, ஏனென்றால் கால் இரண்டும் அகட்டினபடியே மரத்துப் போயிருந்தன. அந்தோணி வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கீறல் இல்லை. உதைத்தார், பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார், இருமியது. மூன்றாவது உதையில் படபடவென்று பிடித்துக்கொண்டது.

பயணம் செய்த சேலையோடு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வண்டி வளைந்து வளைந்து ஏறி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை எனக்குச் சொன்னார்: "வண்டி நல்லா வந்துருச்சாம், சந்தோசமாம். ஐயா ஏன் குதிரையில உக்காந்த மாதிரியே நிக்கிறாருன்னு கேக்குறாரு."

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தார்கள். பெண் குழந்தை. பிலோமினா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நான் போட்டுக் கொடுத்த சாயத் தேநீரைக் குடித்தாள்.

"கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு அண்ணே. கொஞ்சம் பிந்தியிருந்தாலும் போயிருக்கும். நடந்து போயிருந்தா..." என்றவள் மிச்சச் சீனியை வாயில் போட்டுக்கொண்டாள்.

எழுந்து போய் மோட்டார் சைக்கிளின் சேற்றைத் துடைத்தேன்.

புது வீட்டு வாசல் சரிவாக இருந்தது. வண்டியின் ஸ்டாண்டு ஈர மண்ணில் புதைந்து, வண்டி சாய்ந்துகொண்டே இருந்தது. ஆகவே மறுநாள் இன்னொரு முட்டுக்கட்டை செய்தேன். இந்த முறை கட்டை எடுக்குமுன் அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கேட்டுக்கொண்டேன். பெயர்க்கமுடியாதபடி மண்ணில் புதைத்தேன். வண்டியைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி, பின்சக்கரம் கட்டைக்குள் உட்கார்ந்து, முன்சக்கரம் மேக்கணக்கைப் பார்க்கும்படி வைத்தேன். கூப்பிட்ட கையோடு திருப்பாமல் கிளம்பலாம். அந்தோணி அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்காகவே உங்களை இங்க வச்சுக்கலாம் போல" என்றார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிலோமினா சொன்னாள்: "ஸ்டேசனுக்கு நான் வராம இருப்பேனா? ரொட்டிய என் கையால குடுத்துத்தான் உங்களை ரயில் ஏத்துவேன்."

"வரலன்னா நான் ஏறமாட்டேன், பாத்துக்கோ" என்றேன். அடுத்து எப்போது பார்ப்போமோ தெரியாது.

காலையில் எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அடுப்போரம் வாழையிலையில் ரொட்டிப் பொட்டலம், இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சம்பல். தங்கையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லாமல்கூடவா போவாள் என்று முனகிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வாசலில் முட்டுக்கட்டை காலியாக இருந்தது. அதற்கு முன்னால் ஈர மண்ணில் டயர்த் தடம், எங்கேயும் திரும்பாமல், நேரே மேக்கணக்குப் பாதையில் ஏறிப் போயிருந்தது.

என் பெட்டியைத் தூக்க வந்த கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "அம்மா வரலீங்களா? ரயிலுக்கு நேரமாச்சுங்களே. கொஞ்சம் பாக்கலாங்களா?"

"வேணாம், போவோம்" என்றேன். "அவ வேலைக்குப் போயிருக்கா."

ரொட்டிப் பொட்டலத்தைச் சட்டைக்குள், பேப்பர் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். நெஞ்சுக்குச் சூடாக இருந்தது. கிளம்புமுன் முட்டுக்கட்டையை ஒரு முறை காலால் உதைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.